நல்ல மனம் மட்டும் போதாது: மனநல ஆலோசகரை எப்படித் தேர்வது?

மதுரையிலிருந்து ஓர் இளம்பெண் கேட்டிருக்கிறார். பெண்கள்மீது ஈர்ப்பு உள்ளவர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தூக்கம் கெட்டு, வேலையில் மனம் ஒட்டாமல் ஓர் ஆலோசகரிடம் போயிருக்கிறார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்மா” என்று அனுப்பிவைத்திருக்கிறார். இப்போது வேறொருவரைத் தேடினால், பலரும் தங்கள் பெயருக்குக் கீழே ‘குயர் அஃபர்மேட்டிவ்’ என்று போட்டிருக்கிறார்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் போன்ற பால்புதுமையரை மாற்ற முயலாமல் அவர்கள் இயல்பை ஏற்றுப் பணியாற்றுபவர் என்பது அதன் பொருள். அதை எப்படி நம்புவது, அப்படிப்பட்டவர் என்ன படித்திருக்க வேண்டும், அறைக்குள் என்னதான் நடக்கும், பின்னால் அம்மாவையும் அழைத்துப் போகலாமா என்பவை அவர் கேள்விகள். நான் சென்னையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் கணிசமானவர்கள் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் ஆலோசகர் தீய எண்ணத்தோடு பேசினார் என்று எனக்குத் தோன்றவில்லை. பரிவாகப் பேசினார், கட்டணத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் வாதம் அங்கேதான் தொடங்குகிறது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு இந்தத் துறையில் தீங்கு செய்தவர்களில் பலர் பரிவு உள்ளவர்களே. அவர்களிடம் இல்லாதது படிப்பு. ஆகவே ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது, நல்ல மனிதரா என்று கேட்பதற்கு முன்னால் இந்த விஷயத்தைப் படித்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

பட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம், மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கும். மருத்துவ உளவியலாளர் பெரும்பாலும் எம்.ஃபில். பட்டத்தோடு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண் கேட்டால் சொல்ல வேண்டும். இவ்விருவரையும் தாண்டினால் ‘ஆலோசகர்’ என்ற பலகையை நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் மாட்டலாம். உளவியலில் முதுகலை முடித்துத் திறமையாக வேலை செய்யும் ஆலோசகர்களும் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிறார்கள், வார இறுதிச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழி வகுத்தது. நடைமுறை அவ்வளவு வேகமாக இல்லை. பதிவு ஏன் முக்கியம் என்றால், தவறு நடந்தால் புகார் கொடுக்க ஓர் இடம் வேண்டும். தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. அது மருத்துவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். பதிவே இல்லாத ஆலோசகர் அதே வேலையைச் செய்தால் உரிமத்தைப் பறிக்க எந்தக் கவுன்சிலும் இல்லை.

பட்டம் இருந்துவிட்டால் போதுமா என்றால், இல்லை. அந்தப் பட்டத்துக்குள் என்ன கற்பித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நம் மருத்துவ மாணவர்கள் படித்த சட்ட மருத்துவப் பாடநூல்களில் பெண்கள் ஒருவரையொருவர் நேசிப்பது ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்ற தலைப்பின்கீழ் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகு, இத்தகைய இழிவான பகுதிகளைத் தவிர்க்குமாறு ஆணையம் 2021இல் கல்லூரிகளுக்கு எழுதியது. சரி, தீர்ந்தது என்று நினைத்தோம். 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில் அதே தலைப்பு திரும்பி வந்து நின்றது! எதிர்ப்பு கிளம்பிய சில நாள்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். யாரோ பழைய கோப்பை எடுத்து ஒட்டியிருக்கக்கூடும். ஆனால் ஒட்டியவர் கண்ணை அது உறுத்தவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. கல்லூரியில் இதைப் படித்துவிட்டு வந்தவர் பிறகு தாமாக முயன்று வேறு எதையும் படிக்கவில்லை என்றால், அவர் அறிவு அந்தப் பக்கத்திலேயே நின்றிருக்கும்.

அவர் படித்திருக்க வேண்டியது என்ன? அமெரிக்க உளவியலாளர் எவலின் ஹூக்கர் 1957இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். தன்பாலீர்ப்பு உள்ள 30 ஆண்களுக்கும் அப்படியல்லாத 30 ஆண்களுக்கும் உளவியல் சோதனைகள் நடத்தி, பெயரையும் அடையாளத்தையும் மறைத்து, முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்தக் குழு என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனநலத்தில் வேறுபாடும் காணவில்லை. அதற்கு முந்தைய ‘ஆதாரங்கள்’ பெரும்பாலும் சிறையிலும் மருத்துவமனையிலும் இருந்தவர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார அமைப்பு 1990 மே 17 அன்று நீக்கியது. இவ்வளவும் பலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது அதற்குப் பின்னால் விட்டுவைத்த ஒரு சந்து. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலின் பத்தாவது பதிப்பில், ஈர்ப்பு நோயல்ல, ஆனால் அதை ஏற்க முடியாமல் ஒருவர் வேதனைப்பட்டு மாற விரும்பினால் அது சிகிச்சைக்கு உரியது என்ற பொருளில் ஒரு தனிக் குறியீடு இருந்தது. நம் ஊரில் எத்தனையோ பேர் அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே இழுக்கப்பட்டார்கள். “நான் உங்களை நோயாளி என்று சொல்லவில்லை, நீங்களே கஷ்டப்படுகிறீர்களே” என்று பேச்சு தொடங்கும். ஊரும் வீடும் சேர்ந்து ஒருவரைத் தன்னையே வெறுக்கப் பழக்கிவிட்டு, அந்த வெறுப்பையே சிகிச்சைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பு அந்தக் குறியீட்டையே எடுத்துவிட்டது. இன்றும் யாராவது உங்களிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர் பழைய புத்தகத்திலிருந்து பேசுகிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் அல்ல. மின் அதிர்ச்சி கொடுத்து ஈர்ப்பை வெறுப்பாக மாற்ற முயன்ற சிகிச்சைகள் நம் நாட்டிலும் நடந்தன. மனநல இதழ்களில் பெருமையோடு பதிவாகின. இன்று கருவி மாறியிருக்கிறது. ஹார்மோன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது, சிறுவயதில் ‘ஏதாவது நடந்ததா’ என்று தோண்டிக்கொண்டே இருப்பது, நகை போட்டுக்கொள்ளச் சொல்வது, தோழியின் எண்ணை அழிக்கச் சொல்வது, கல்யாணத்தை மருந்தாகப் பரிந்துரைப்பது எல்லாம் அதே வகைதான். கடைசி மருந்து, எதுவுமே தெரியாத இன்னொரு மனிதரையும் சேர்த்துப் பாதிக்கிறது. அவர் நிலையை யாரும் ஏன் நினைப்பதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

உங்கள் ஊர் தொடர்புடைய ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள். வீட்டார் எதிர்க்கவே சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணை தொடங்கியது. பெண்கள் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. தமக்கே இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அதே உளவியலாளரிடம் தாமும் ஓர் அமர்வுக்குப் போனார். பிறகுதான், 2021 ஜூன் 7 அன்று, ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளைத் தடை செய்வது உள்ளிட்ட விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தார். ஒரு நீதிபதி, தமக்குத் தெரியாது என்று உணர்ந்ததும் கற்றுக்கொள்ளப் போகிறார். அதே அடக்கத்தை நாங்கள் கட்டணம் வாங்கும் தொழிலில் நீங்கள் எதிர்பார்ப்பது அதிகம் அல்ல.

மனநல ஊழியர் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? மும்பையில் உள்ள மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் இதற்கென்றே ஒரு சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. அதை வடிவமைத்து நடத்துபவர்கள் தாமே பால்புதுமையராக இருக்கும் மனநல ஊழியர்கள். அதில் படித்தேன் என்று ஒருவர் சொன்னால் ஏதோ அடித்தளம் இருக்கிறது என்று கொள்ளலாம். அதில் படிக்காதவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் யாருடைய மேற்பார்வையில் இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். மேற்பார்வை என்பது எங்கள் அமர்வுகளைப் பெயர் சொல்லாமல் ஒரு மூத்தவரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொள்வது. அது இல்லாமல் தனியாக ஓட்டுபவரிடம் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு.

ஆலோசகர் தாமும் பால்புதுமையராக இருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நான் அல்ல, கேட்டால் முதல் நாளே சொல்லிவிடுவேன். தங்களைப் போன்ற ஒருவரிடம் பேசும்போது விளக்கம் சொல்லும் களைப்பு இருக்காது என்பது உண்மை. ஆனால் சென்னையிலும் மதுரையிலும் இந்த வட்டம் சிறியது. உங்கள் ஆலோசகரும் உங்கள் முன்னாள் காதலியும் ஒரே நண்பரின் பிறந்தநாளில் சந்திக்க நேரலாம். அந்தச் சங்கடத்தை எப்படிக் கையாள்வார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் கட்டுவதற்கு முன்னால் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசக் கேளுங்கள். தர மறுப்பவரை விட்டுவிடலாம். “எனக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு. இதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?” என்று நேராகவே கேளுங்கள். சரியான பதில் சுவாரசியம் இல்லாமல் இருக்கும்: அது நோய் அல்ல, மாற்ற முடியாது, மாற்ற முயலவும் மாட்டேன், உங்களுக்கு இப்போது என்ன தொல்லை என்று சொல்லுங்கள். “நான் எல்லோரையும் மனிதராகத்தான் பார்ப்பேன்” என்பது அழகான பதில்; அதில் தகவல் ஏதும் இல்லை. அடுத்த கேள்வி போடுங்கள்: என் பெற்றோர் உங்களைக் கூப்பிட்டு, இவளை மாற்றிவிடுங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? தெரிந்தவர் அதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார், ஏனென்றால் அந்த அழைப்பு அவருக்குப் பலமுறை வந்திருக்கும். மிக ஆபத்தான பதில் இது: “உங்கள் விருப்பம் எதுவோ அதற்கு உதவுவேன், மாற வேண்டுமென்றால் அதற்கும்.” நடுநிலைபோல் ஒலிக்கும். நம்பி உள்ளே போகாதீர்கள்.

இனி அறைக்குள். முதல் அமர்வில் நான் கேட்பது எல்லோரிடமும் கேட்பதுதான். தூக்கம், பசி, வேலை, குடிப்பழக்கம், பழைய மருந்துகள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று நேரடியாகக் கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா, எவ்வளவு, மருந்து தேவைப்படும் அளவா என்பது தனிக் கேள்வி. ஈர்ப்பை ஏற்பதாகச் சொல்லும் சிலர் எல்லாத் துன்பத்துக்கும் சமூகமே காரணம் என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் படிப்பின்மைதான். தைராய்டு குறைந்து சோர்ந்து கிடப்பவருக்குச் சமூக விமர்சனம் உதவாது.

இன்னும் நுட்பமான ஒன்று. தமக்குத் தன்பாலீர்ப்பு இருக்குமோ என்ற சந்தேகம் நாள் முழுக்கக் குடைய, அதைச் சரிபார்த்துச் சரிபார்த்து ஓய்பவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு இருப்பது எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.). கொலை செய்துவிடுவேனோ, கை அசுத்தமோ என்று வேறொருவருக்கு வரும் அதே நோய் இவர்களிடம் இந்த உருவில் வருகிறது. அவரிடம் போய், பயப்படாதீர்கள், உங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றால் சுழற்சி கூடும். சந்தேகத்தைத் தீர்க்க முயலாமல் இருக்கப் பழக்குவதுதான் அங்கே சிகிச்சை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. நீங்கள் எழுதியது சந்தேகமில்லாத நேசம். இரண்டையும் பிரித்தறிய நல்லெண்ணம் உதவாது என்பதற்காகச் சொன்னேன்.

பிறகு முக்கிய வேலை. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் விரித்தெழுதிய ஒரு கருத்தை நான் அதிகம் பயன்படுத்துகிறேன். சிறுபான்மையாக வாழ்வதே உடலிலும் மனதிலும் தனிச் சுமையை ஏற்றுகிறது என்பது அதன் சாரம். கேலி, அடி, வேலை இழப்பு என்று வெளியிலிருந்து வருபவை ஒரு பக்கம். எப்போதும் நிராகரிப்பை எதிர்பார்த்து விறைப்பாக இருப்பது, மறைப்பது, தன்னையே வெறுப்பது என்று உள்ளே நடப்பவை மறுபக்கம். நம் வீடுகளில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனில் அவள் பெயரை வேறு பெயராக வைத்திருப்பீர்கள். சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைப்பீர்கள். ஜாதகத்தைக் கையிலெடுத்தாலே வயிறு பிசையும். தங்கையின் கல்யாணம் உங்களால் நிற்கிறது என்ற குற்றவுணர்வு வேறு. ‘நான் ஏன் இப்படி’ என்று நீங்கள் எழுதிய கேள்வியை நாங்கள் ஓரம் வைத்துவிட்டு, இவ்வளவையும் ஒளித்து வாழ என்ன விலை கொடுத்திருக்கிறீர்கள் என்று கணக்குப் பார்ப்போம். பல அமர்வுகள் அதிலேயே போகும்.

எண்ணங்களைச் சரிபார்க்கும் நடத்தைச் சிகிச்சையையும் செய்வேன், ஒரு திருத்தத்தோடு. ‘தெரிந்தால் வீட்டில் அடைத்துவைத்துவிடுவார்கள்’ என்று நீங்கள் சொன்னால், பாடநூல்படி அது மிகைப்படுத்திய எண்ணம். ஆதாரம் கேட்டுத் தளர்த்த வேண்டும். ஆனால் அது மிகையா? சில வீடுகளில் அது துல்லியமான கணிப்பு. ஆகவே முதலில் உங்கள் பயத்தில் எது நிஜ ஆபத்து, எது பழகிப்போன விறைப்பு என்று பிரிப்போம். விறைப்புக்குச் சிகிச்சை. ஆபத்துக்குத் திட்டம். ஜான் பச்சான்கிஸ் குழுவினர் இப்படிச் சிறுபான்மைச் சுமையைக் கணக்கில் கொண்டு திருத்தியமைத்த நடத்தைச் சிகிச்சையை 2015இல் சோதித்து, மனச்சோர்வு குறைவதைக் காட்டினார்கள்.

திட்டம் என்றால் மிக நடைமுறையான காரியங்கள். பட்டச் சான்றிதழ்கள், ஆதார் எல்லாம் அப்பாவின் பீரோவில் இருக்கிறதா? நகலாவது உங்களிடம் வேண்டும். சம்பளக் கணக்கின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? ஒரு இரவு தங்க எந்த வீடு? இதோடு இன்னொன்றையும் செய்துவையுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய எவரும், மனநலச் சிகிச்சை முடிவுகளில் தமக்குத் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதி யார் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம். எழுதவில்லை என்றால் அந்த இடம் பொதுவாக உறவினருக்குப் போகும். உங்களை வலுக்கட்டாயமாக எங்காவது சேர்க்க முயன்றால் அந்தத் தாள் பேசும். ஊரின் ஒழுக்கத்துக்கோ நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று நான் தள்ள மாட்டேன். வெளிப்படையாகச் சொன்னால்தான் விடுதலை என்பது சொந்தக் காலில் நிற்பவர்களுக்கு ஓரளவு பொருந்தும். எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்வீர்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைப்பது என் கடமை, அதுவும் சட்டம்தான். உயிராபத்து போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாரிடம் ஓர் அமர்வு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது இப்போது சாதாரணம். பலர் வருமானத்துக்கேற்பக் குறைப்பார்கள்; கேட்கக் கூச்சப்படாதீர்கள். அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் இலவசம், ஆனால் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சென்னையில் பால்புதுமையருக்கான ஓரினம் குழு, அனுபவப்பட்டவர்கள் பரிந்துரைத்த ஆலோசகர்களின் பட்டியலை வைத்திருக்கிறது, அங்கே தொடங்கலாம். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக அம்மா. அழைத்துவரலாம், இப்போது வேண்டாம். உங்கள் ஆலோசகரிடமே வேண்டாம். அவர் உங்களுக்கு உரியவராக இருக்கட்டும், அம்மாவுக்கு வேறொருவர். அம்மாவுக்கும் ஓர் இழப்பு இருக்கிறது. மனதில் பார்த்து வைத்திருந்த கல்யாணம், பேரன் பேத்தி, உறவினர்முன் நிமிர்ந்து நிற்பது எல்லாம் போகிறது என்று நினைப்பார். என்னிடம் வரும் தாய்மார்களிடம் முதல் அமர்வில் நான் எதையும் விளக்குவதில்லை. ‘நான் வளர்த்த வளர்ப்பில் என்ன குறை’ என்ற கேள்வி வந்தபிறகுதான் என் வேலை தொடங்கும். அதற்குச் சில வாரங்கள்கூட ஆகும். அதற்குப் பிறகு தங்களைப் போன்ற பிற பெற்றோரிடம் பேசவைப்பது என் விளக்கங்களைவிட நன்றாக வேலை செய்கிறது. ஸ்வீகார் என்ற பெற்றோர் குழு இதற்காகவே இருக்கிறது. அம்மா வர மறுத்தால் அதற்காக உங்கள் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். வருகிறேன் என்றால், முதல் நாள் நீங்கள் கூடப் போகாதீர்கள். உங்களைப் பற்றிக் குறை சொல்ல அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.